இரண்டாவது சுற்று

ஃப்ளோரன்ஸ் குழம்புக் கிண்ணத்தை நேராகக் கொண்டுவந்து வைத்ததே இல்லை. உள்ளங்கையில் ஏந்தி, அக்குளுக்குக் கீழே ஒரு சுற்று, தலைக்கு மேலே இன்னொரு சுற்று. பிறகுதான் அது மேசைக்கு வரும். ராயபுரத்து மெஸ் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாகப் பரிமாறுகிறாள். ஒரு சொட்டு சிந்தியதில்லை. வீட்டிலும் இதே கூத்துதான். சர்க்கஸில் சேர்ந்திருக்கலாம் என்று தங்கை ஷெர்லின் கேலி செய்வாள்.

ஷெர்லின் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. இயந்திரக் கைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனியில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை நான்கு எண்களால் சொல்வது குவாட்டர்னியன். அதற்கு லாக், எக்ஸ்பொனென்ஷியல், வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன்களை வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் வேலை நிலைக்கும்.

ஒரே ஒரு சோதனை மட்டும் தேறவில்லை. ஒரு குவாட்டர்னியனுக்கு லாக் எடுத்து, வந்ததை எக்ஸ்பொனென்ஷியலில் போட்டால் பழைய நான்கு எண்களே திரும்ப வேண்டும். அதே நான்கு எண்கள்தான் வந்தன, குறி மட்டும் தலைகீழாக. முழுச் சுற்று சுற்றிய பொருளுக்கு இந்தக் கணக்கு மைனஸ் ஒன்று என்கிறது. பழைய நிலைக்கே வந்துவிட்ட பொருளுக்கு மைனஸ் எதற்கு? அதனால் முதல் எண் மைனஸாக இருந்தால் நான்கின் குறியையும் மாற்றிவிடும்படி ஒரு வரியை அவளேதான் சேர்த்திருந்தாள். மூன்று நாளாக அந்த வரியை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை.

வியாழக்கிழமை மதியம் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த ஷெர்லினிடம் ஃப்ளோரன்ஸ் கானாங்கெளுத்தி மீன் குழம்போடு வந்தாள். முதல் சுற்று முடியும்போது ஷெர்லின் அவளை அப்படியே நிற்கச் சொன்னாள்.

கிண்ணம் நேராக இருந்தது. குழம்பு அசையவில்லை. முழங்கையோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லுடி, கை முறுக்கிகினு கீது."

"கிண்ணம் நேராத்தானேக்கா கீது?"

"கிண்ணத்துக்கு இன்னா, அது சொகுசா கீது. கை நேராவணும்னா இன்னொரு சுத்து வேணும்ல."

அவள் சுற்றினாள். கை நேரானது. கிண்ணம் திரும்பிவிட்டாலும் கை இன்னும் முறுக்கியிருக்கிறது என்று காட்டிய அந்த முழங்கைதான் ஷெர்லின் அழித்த மைனஸ். ஒரு சுற்றுக்கு மைனஸ் ஒன்று, இரண்டு சுற்றுக்கு பிளஸ் ஒன்று. படித்த நான்கு வருஷத்தில் பிடிபடாதது, பத்தாவதோடு நின்ற அக்காவின் தோளில் இத்தனை காலம் தினமும் நடந்திருக்கிறது. அந்த வரியை நீக்கினாள். எல்லாச் சோதனைகளும் தேறின. வேலையும் நிலைத்தது.

"என் கைல அப்டி இன்னாத்தடி பார்த்த?" என்று ஃப்ளோரன்ஸ் அன்றே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக ஷெர்லின் வாக்குக் கொடுத்தாள். சர்ச்சில் பூசை முடிந்து வரும் ஒவ்வொரு ஞாயிறும் பேச்சைத் தொடங்குகிறாள். நான்கு எண்கள் என்று சொன்னதுமே வீட்டுப் பேச்சில் அடுத்த சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறாள். அக்கா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.