இவள் உனக்கு யார்?

கமலாசனி கையில் எடுத்த எதையும் நேராக முடித்ததில்லை. கண்டியில் ஒரு சுகாதார அமைப்பில் மொழிபெயர்ப்பாளர் வேலை. மொழிபெயர்க்கும் ஒரு பந்தி பாதியில் நிற்க, வேறொரு கோப்பு திறந்திருக்கும். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்திலிருந்தே ‘கவனமில்லாத பிள்ளை’. முப்பத்து மூன்று வயதில்தான் ஒரு வைத்தியர் அதற்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு, என்று பெயர் சொன்னார். சோம்பல் இல்லை என்று கேட்டதும் பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள். மேலதிகாரி விமலநாதனுக்கோ அது வேலையைத் தள்ளிப்போட வெறும் சாட்டு.

2007இல் பெண்ணை விரும்பும் பெண்களைப் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்க அவள் மேசைக்கு வந்தது. அலுவலகச் சொற்பட்டியலில் இருந்த சொல் ‘இயற்கைக்கு மாறானவர்கள்’. அதை எழுத அவள் கை எழவில்லை. துணிக்கடையில் வேலை செய்யும் சுந்தரியோடு நான்கு வருடமாக ஒரே அறையில் வாழ்கிறவள் அவள். வீட்டுக்காரிக்கு இருவரும் சிநேகிதிகள்.

“நமக்கு எதுக்குங்க பேரு? பேரு வச்சா அடிக்க வருவாங்க” என்றாள் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த சுந்தரி.

“பேர் இல்லாட்டி நாங்கள் இல்லாத ஆக்கள் மாதிரியெல்லே?”

சொல் தேடியே இரண்டு வாரம் போயிற்று. “நாளைக்குக் காலமை மொழிபெயர்ப்பு வராட்டி நீர் வேற வேலை பாரும்” என்றார் விமலநாதன். மறுநாள் தாள்களை அள்ளிக்கொண்டு ஓடியவள், அடையாள அட்டையை மற்றப் பையில் விட்டுவிட்டாள். யுத்தகாலச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அட்டையில்லாத யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள்.

செய்தி கேட்டு அட்டையோடு ஓடிவந்த சுந்தரியிடம் அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: “இவள் உனக்கு யார்?”

அட்டையை நீட்டியபடி சுந்தரி சொன்னாள்: “அக்கா.”

அவர் இருவரின் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருத்தி பிறந்தது யாழ்ப்பாணம், மற்றவள் ஹேவாஹெட்ட. பொய் சொல்கிறார்கள் என்றால் எதையோ மறைக்கிறார்கள். கமலாசனியை மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். அறையைக் கிளறினார்கள். கடைசியில் விமலநாதன் கடிதம் கொடுத்து மீட்டார். வெளியே வந்ததும், “பிள்ளை, உம்மை இனி வைச்சிருக்கேலாது” என்றார். துண்டுப்பிரசுரம் பழைய சொல்லோடே அச்சுக்குப் போனது.

பொலிஸ் வந்த வீட்டில் இடமில்லை என்றாள் வீட்டுக்காரி. சுந்தரியைக் கூட்டிப்போக அண்ணன் லெட்சுமணன் வந்தான். பஸ் தரிப்பிடத்தில் கமலாசனியை ஏற இறங்கப் பார்த்து, “யாரு இது?” என்றான்.

“இவங்க கூடத்தான் நான் வாழ்ந்தேன்” என்றாள் சுந்தரி.

அவன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான். பஸ் புறப்பட்டது. கமலாசனி இரண்டு பைகளோடு நின்றாள். எந்தப் பஸ்ஸில் ஏறுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.