அப்பா எடுக்காத படம்

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகள் பெங்களூருக்குத் திரும்பிப் போன மறுநாள் அந்தப் பேராசிரியை வந்தார். திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறை. பேசும் படம் வந்த புதிதில் நடித்த இந்தப் பக்கத்து நடிகர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாக முன்பே போன் செய்திருந்தார். அவருக்கு நாள் குறித்துக் கொடுத்தது என் மனைவிதான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்ததும், கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்து அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சார், எனக்குத் தெரியாது. இன்னொரு நாள் வரேன்."

"பரவாயில்லைங்க. உள்ள வாங்க."

அந்த நாட்களில் காபி சூடாக இருந்ததா, ஆறிப் போயிருந்ததா என்று குடித்து முடித்த பிறகும் எனக்குத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றால் பேச்சு சீக்கிரம் முடியும். போனை மேஜையில் வைத்து ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு அவர் கேட்கத் தொடங்கினார்.

அந்த நடிகர்களில் ஒருவரான என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒன்பது வயதில் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடப்பட்டவர். முதலில் பெண் வேஷம், குரல் உடைந்த பிறகு ராஜா வேஷம். பேசும் படம் வந்தபோது கம்பெனியோடு கல்கத்தாவுக்கு ரயிலேறினார். அங்கே விளக்குச் சூட்டில் முகத்துச் சாயம் வழிய வழிய, மைக்கை எந்தப் பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்களோ அந்தப் பக்கம் திரும்பிப் பாடினார். அதற்குப் பிறகு ஏழெட்டுப் படங்கள். பெரும்பாலும் கிருஷ்ணர், இரண்டு தடவை முருகன். வெளியூர் போனால் ஜனங்கள் காலில் விழுவார்கள். கடைசியில் ஒரு ஜவுளி வியாபாரி முதல் போட, ஒரு குடும்பக் கதையில் நடித்து டைரக்ட்டும் செய்தார். படம் நன்றாக ஓடியது. இன்று அதன் ஒரு துண்டு பிலிம்கூட எங்கும் இல்லை. பாட்டுப் புத்தகம் மட்டும் யாரிடமோ இருக்கிறது. அதில் நடிப்பு, டைரக்‌ஷன் இரண்டுக்கும் அப்பா பெயர்.

"அந்தக் காலத்துலேயே ஒவ்வொரு சீனையும் முன்னாடியே காகிதத்துல வரைஞ்சு வச்சுக்கிட்டு எடுத்தாங்களாமே? அதுல வேலை பார்த்த ஒரு லைட்மேன் எப்பவோ சொல்லியிருக்கார். வரைஞ்சது அப்பாதானே சார்?"

"ஆமாம்."

"காமிரா எங்க நிக்கணும்கிறது வரைக்கும்?"

"ஆமாம்."

அப்பா எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை. அதைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சமையலறையில் அம்மாவிடம் அப்பா சொன்னது ரேழியில் நின்ற என் காதில் விழுந்தது. "அந்தப் படத்தை எடுத்தது நான் இல்லடி. பேரு மட்டும்தான் என்னுது." அம்மா கீரையை நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் அதை யாரிடமும் சொன்னதில்லை. பேராசிரியை கேட்டபோது அது ஞாபகத்தில் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. வாயைத் திறந்து சொல்வதற்கான தெம்பு இல்லை.

புத்தகம் ஏழு மாதத்தில் வந்தது. அப்பாவுக்குத் தனியாக ஓர் அத்தியாயம். கல்லூரி அரங்கில் வெளியீட்டு விழா நடத்தி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பேப்பரிலும் செய்தி வந்தது. மகள் போனில் அழுதாள், சந்தோஷத்தில். நான் சால்வையை மடித்து பீரோவில், மனைவியின் புடவைகளுக்கு மேல் வைத்தேன்.

பத்து நாள் கழித்து துறையூரிலிருந்து ஒரு போன். வயதான பெண் குரல்.

"புத்தகம் படிச்சேங்க. உங்கப்பா படம் வரைவாரா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வரைஞ்சது எங்கப்பாங்க. சண்டை போடக் கூப்பிடல. ஒரு தடவை நேர்ல வர முடியுமா? எனக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியாது."

மறுநாளே டோல்கேட் நிறுத்தத்தில் துறையூர் பஸ் ஏறினேன். வீட்டில் செய்ய வேறு வேலை இல்லை.

அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லைப்புற ஜன்னலில் பச்சைமலை தெரியும் ஒரு சின்ன வீடு. அவருடைய அப்பா அதே ஊரில் டிராயிங் மாஸ்டர். கல்யாணத்துக்கு முன்னால் நாடகக் கம்பெனியில் திரைச்சீலைகளுக்குப் படம் எழுதியவர். என் அப்பாவும் அவரும் ஒரே கம்பெனியில் வளர்ந்த பையன்கள். ஒரே பாயில் படுத்தவர்களாம்.

"படம் எடுக்க உங்கப்பாவுக்குச் சான்ஸ் வந்ததும் எங்கப்பாவத்தான் கூப்பிட்டார். வேலைக்கு லீவு போட்டுட்டுப் போனாரு. சீனெல்லாம் வரைஞ்சது, யார் எங்க நிக்கணும்னு சொன்னது எல்லாம் எங்கப்பா. உங்கப்பா வேஷம் போட்டுக்கிட்டு முன்னால நின்னாரு. பேர் போடறப்போ பணம் போட்ட மொதலாளி ஒத்துக்கல. டிராயிங் மாஸ்டர் பேரப் பார்த்து யார் டிக்கெட் வாங்குவான்னுட்டாராம். உங்கப்பாவும் பேசாம இருந்துட்டார். எங்கப்பா ஊருக்கு வந்துட்டாரு."

தட்டில் முறுக்கு வைத்திருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு அடுத்த வருஷம் உங்கப்பா இங்க வந்தாருங்க. எனக்கு ஏழு வயசு. கார் வந்து நின்னதும் தெருவே கூடிப்போச்சு. எதிர்வீட்டுக் கிழவி, கிருஷ்ணர் வந்திருக்காருன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. எங்கப்பா பின்கட்டுல இருந்தாரு. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். நான் வீட்ல இல்லைன்னு சொல்லுன்னாரு. வந்து சொன்னேன். உங்கப்பா கீழ பார்த்தாரு. எங்கப்பா செருப்பு வாசல்லயே கிடந்துச்சு."

முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"'சரிம்மா. அப்பா வந்தா, இன்னும் ஒரே ஒரு படம்னு சொல்லு. இந்தத் தடவை பேரு அவனுதுதான்னு சொல்லு' அப்படின்னாரு. சொல்றப்போ அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பெரிய ஆம்பளை அழுது நான் பார்த்ததில்ல. பயந்துட்டேன். உள்ள போய், போயிட்டாருன்னு மட்டும் சொன்னேன். மத்ததைச் சொல்லல."

"அப்புறமும் சொல்லலையா?"

"சொல்லல. நாளாக ஆக, சொன்னா என்ன ஆகுமோன்னு இருந்துச்சு. எங்கப்பா கடைசி வரைக்கும் பிள்ளைங்களுக்குப் பூசணிக்காய் வரையக் கத்துக்குடுத்துட்டே போய்ச் சேர்ந்தார். யார்கிட்டயும் சொன்னதில்லைங்க. நீங்கதான் மொதல்."

அடுத்து என்ன ஆனது என்பது எனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள். இரண்டாவது படத்தை டைரக்ட் செய்ய அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். சேலத்தில் ஷூட்டிங். மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். காமிராமேன், எங்கே வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான்காம் நாள் படத்தை நிறுத்திவிட்டார்கள். டைரக்ட் செய்யத் தெரியாதவர் என்ற பேச்சு பரவியது. அதே சமயம் பின்னணிப் பாட்டு வந்ததில் பாடத் தெரிந்த நடிகருக்கும் தேவை குறைந்தது. அப்பா திருச்சிக்கே திரும்பி, காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் ஏலம் கூறும் வேலைக்குச் சேர்ந்தார். நாடக மேடைக் குரல். மைக் இல்லாமல் தெருமுனை வரை கேட்கும். எனக்குத் தெரிந்த அப்பா அந்த ஏலக்காரர்தான். எனக்குப் பதினெட்டு வயதில் அவர் போய்விட்டார்.

ஆகவே அப்பாவின் சினிமா முடிந்தது துறையூரில், இந்த வீட்டு வாசலில். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. காத்திருந்தேன். வரவில்லை. இரக்கமும் வரவில்லை. மனைவி போன நாளிலிருந்து அப்படித்தான் இருந்தது, எதைச் சொன்னாலும் உள்ளே போய்ச் சேராமல்.

"ஏழு வயசுதானேங்க" என்றேன்.

"ஏழு வயசுக்கு அப்புறம் எவ்வளவு வருஷம் இருந்துச்சு" என்றார் அவர்.

பிறகு நானும் சொன்னேன், ரேழியில் நின்று கேட்டதையும், பேராசிரியையிடம் ஆமாம் சொன்னதையும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போனேன். வரைந்ததும் படத்தை எடுத்ததும் அப்பா இல்லை என்று பேராசிரியையிடம் சொன்னேன்.

"சார், நீங்கதானே ஆமான்னு சொன்னீங்க. ரெக்கார்டிங் இருக்கு."

"ஆமாம், சொன்னேன். அது பொய்ங்க."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார். அப்பா அம்மாவிடம் சொன்னதை எழுதினேன். வரைந்தவர் யார், படத்தை எடுத்தவர் யார் என்று எழுதினேன். சேலத்து மூன்று நாளையும் எழுதினேன். அப்பா துறையூருக்குப் போனதை எழுதவில்லை. அந்த ஏழு வயதுப் பெண்ணைப் பற்றி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அதைச் சுருக்கி ஒரு துண்டுச் சீட்டாக அச்சடித்தார்கள். விற்காமல் இருந்த பிரதிகளில் ஒட்ட வேண்டும். நானே ஒட்டுகிறேன் என்றேன். மூன்று மதியங்கள் தமிழ்த்துறை அறையில் உட்கார்ந்து, அப்பாவின் அத்தியாயத்தில் அந்தச் சீட்டை ஒட்டினேன். மகள் நடுவில் போன் செய்தாள். "எதுக்குப்பா இதெல்லாம்? தாத்தா பேரை நீங்களே கெடுத்துட்டு இருக்கீங்க" என்றாள். கையில் பசை, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.

முதலில் ஒட்டிய பிரதியைத் துறையூருக்குத் தபாலில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார்.

"வந்துச்சுங்க. படிச்சேன். என் பையன்கிட்டயும் காட்டினேன். தாத்தா சினிமா எடுத்தாரான்னு கேக்கறான். ஐம்பது வயசாகுது அவனுக்கு, இப்பத்தான் தெரியும்."

"எல்லாம் சரியா இருக்குங்களா?"

"இருக்கு. எங்கப்பா பேர்ல மட்டும் ஒரு எழுத்து தப்பு. பெரிய ற போடணும், சின்ன ர போட்டிருக்காங்க."

எல்லாவற்றையும் ஒட்டி முடித்திருந்தேன்.

"மாத்தி அடிக்கச் சொல்றேங்க" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும். யாருன்னு தெரியுதுல்ல."

போனை வைத்த பிறகு, என்னிடம் இருந்த பிரதியை எடுத்து அந்த ஓர் எழுத்தைப் பேனாவால் திருத்தினேன்.