ஹலீனா கீறிய வில்லோக் காடு

மழை விட்ட பிறகு நனைந்த பலகைத் தூளிலிருந்து ஒரு புளித்த மணம் எழும்பும்...

டோர்ட்மண்டில், மக்கள் கழித்த சாமான்களைக் கொண்டுவந்து போடுகிற முற்றத்தில்தான் எனக்கு வேலை. மரச் சாமான் கொன்ரெயினர் என் பொறுப்பு. ஹலீனாவை முதன்முதலில் கண்டது அந்த மணத்துக்கு நடுவில்தான்.

சில வருடங்களுக்கு முன்னர். அறுபது வயதிருக்கும். சைக்கிளில் வந்திறங்கி, யாரோ போட்ட அலுமாரியின் பின்பலகையைக் காட்டித் தடுமாறும் ஜெர்மனில் கேட்டார்.

“இதை நான் எடுக்கலாமோ?”

“ஏலாது. உள்ளுக்கு வந்திட்டால் ஆருக்கும் குடுக்கக் கூடாது.”

அவர் வாதாடவில்லை. அடுத்த வியாழக்கிழமை வாசலுக்கு வெளியே நின்றார்! வருகிற கார்களை மறித்து, உள்ளே போகுமுன்னரே பலகைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் மேலாளரை ஷெஃப் என்போம்; அவர் கண்டும் காணாதவர் போல் இருந்துவிட்டார்.

உக்ரைனிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஓவியர் என்பது பிறகுதான் தெரிந்தது. எறிகிற பலகையில்தான் படம் கீறுவார். “இந்த மரத்தை ஏற்கெனவே வெட்டிப்போட்டினம். எனக்காக இன்னொண்டு வெட்ட வேண்டாம்” என்பார். வர்ணமும் கடையில் வாங்குவதில்லை. வால்நட் தோல், இரும்புத் துரு, செங்கல் பொடி, ஆற்றுச் சேறு...

ஆறு என்றால் எம்ஷர். நான் அகதியாக வந்த காலத்தில் அது ஆறே இல்லை. கொங்கிரீட் வாய்க்காலில் ஓடிய ஊர்க் கழிவு. கரையிலிருந்த எங்கள் முகாமில் நாற்றத்தால் கோடையிலும் யன்னல் திறக்க முடியாது. பிறகு கழிவை நிலத்துக்கடியில் குழாயில் விட்டு, கொங்கிரீட்டை உடைத்து, ஆற்றை ஆறாக ஓடவிட்டார்கள். கேள்விப்பட்டிருந்தேனே தவிர, போய்ப் பார்த்ததில்லை. ஹலீனாதான் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் வேலை முடிய அங்கே போவோம். நாணலுக்குப் பக்கத்தில் இருந்து அவர் கீறுவார். நான் பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியை ஊற்றுவேன். பெரிய கதை ஒன்றும் இருக்காது. இரண்டு பேருக்கும் அரைகுறை ஜெர்மன்தானே...

“அருள், இந்தத் தண்ணி என்ன நிறம்?”

“தண்ணி நிறம்.”

இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் வளர்ந்தது ஒரு பெரிய நீர்த்தேக்கக் கரையில். போரில் அணை உடைந்து, கடல் போலக் கிடந்த தண்ணீர் சில நாட்களில் வடிந்துவிட்டது. அந்த வருடம் முழுவதும் அவர் கீறியது வெடித்த சேறும் செத்த மீனும்தான். பார்க்க மனம் கனக்கும்.

பிறகொரு வியாழன், ஊரில் இருக்கும் தங்கை அனுப்பிய போட்டோவைப் போனில் காட்டினார். காய்ந்த அடிநிலம் முழுக்கச் சின்னச் சின்ன வில்லோ மரங்கள்! ஒருவரும் நடவில்லை. தானாக முளைத்தவை.

“பாருங்கோ, பாருங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் காட்டைத்தான் கதவு அளவு பலகையில் மூன்று மாதமாகக் கீறினார்.

படம் முடிந்த கையோடு தங்கைக்கு ஒப்பரேசன் என்று செய்தி வந்தது. ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று புறப்பட்டார். படங்களெல்லாம் அவர் இருந்த கட்டடத்தின் நிலவறையில்.

அங்கே தண்ணீர்க் குழாய் வெடித்தது. துப்புரவாக்க வந்த இருவர், நனைந்தது நனையாதது பாராமல் எல்லாவற்றையும் வான் வண்டியில் அள்ளிப்போட்டு, நேரே எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது அந்தப் பக்கம் ஒருவருக்குக் குளிர்சாதனப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கொன்ரெயினரில் மரத்தை நொறுக்குகிற உருளை ஓடுகிறது. பற்களுக்கிடையில் பச்சை நிறம்...

“நிப்பாட்டு! நிப்பாட்டு!”

தமிழில்தான் கத்தினேன். ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு உள்ளே ஏறினேன். ஏறவே கூடாது, அது சட்டம். பதினொரு படங்களை எடுத்தேன். வில்லோக் காடு நாலைந்து துண்டாகக் கிடந்தது.

ஷெஃப் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். “இனி ஏறினால் வேலை இல்லை, அருள்.” ஆனால் படங்களை என் காரில் ஏற்றவும் அவரே கை கொடுத்தார்.

வீட்டில் மனைவி ரெஜினா ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துவைத்துத் துடைத்தாள். “இதைப் போய் எறிய எப்படி மனம் வந்தது?”

அன்று போன் எடுத்து ஹலீனாவிடம் பொய் சொன்னேன். “எல்லாம் பத்திரம்.”

இரண்டு கிழமை கழித்து அவர், “அந்தப் பெரிய படத்தை ஒருக்காப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ” என்றார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

“அருள், அந்தக் காட்டை நான் நேர போய்ப் பார்த்திட்டன். என்ர தலைக்கு மேல வளர்ந்திட்டுது. படத்தில நான் கீறின பச்சை பிழை. இலையின்ர அடிப்பக்கம் வெள்ளை. காத்தடிச்சால் காடு முழுக்க நிறம் மாறுது. போனில பார்த்து அது எனக்குத் தெரியேல்லை.”

பிறகு மெதுவாகச் சொன்னார். “இங்கயே இருந்து திரும்பக் கீறப் போறன்.”

சண்டை ஓயாத இடம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மிஞ்சிய படங்களை அனுப்பவோ என்று கேட்டேன்.

எங்கள் தேவாலயத்திலிருந்து உக்ரைனுக்கு மருந்து ஏற்றிப் போன வான் வண்டியில் பத்துப் படங்களை அனுப்பினோம். ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். ரெஜினா எடுத்தது, எம்ஷர் நாணலுக்குள் ஒற்றைக் கொக்கு நிற்கும் படம். சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைக்கிறோம். சில ஞாயிறுகளில் அங்கே கரண்ட் இருக்காது, லைன் கிடைக்காது. அந்த நாட்களில் ரெஜினாவும் நானும் போனையே பார்த்துக்கொண்டிருப்போம்...

எம்ஷருக்கு இப்போதும் போகிறேன். மீன் வந்திருக்கிறது, பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள். அந்தக் காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடம், இப்போது மணிக்கணக்காக இருக்கச் சொல்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்து தண்ணி என்ன நிறம் என்று கேட்க ஒருவரும் இல்லை.

போன ஞாயிறு ரெஜினா சொன்னாள்: “திரும்பி எப்ப வாறீங்கள் எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்.”

கேட்கத்தான் எடுத்தேன். லைனில் காற்றுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. “மரங்களுக்குள்ள நிக்கிறன்” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

சுகமா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.