மோட்டாரை அணைத்துப் பேசுகிறவர்

மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் கனகதாஸ் பேசுவார். புட்டுக்குப் பொடிக்கக் கொண்டுவந்த அரிசி பாதி மேலே தொட்டியில் கிடக்கும். மீதி மாவாகி, துணிக்குழாய் வழியாக வாளியில் விழுந்திருக்கும். வாளிக்குச் சொந்தக்காரி மழைக்கு ஒதுங்கி வாசலில் நிற்பாள். கனகதாஸ் புருவத்தில் படிந்த மாவைத் தோள்துண்டால் தட்டிவிட்டு, அமெரிக்கா எந்த இடத்தில் தப்புப் பண்ணியது என்று தொடங்குவார். சொல்லி முடிக்காமல் கை சுவிட்சுக்குப் போகாது. பாதி மாவை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போக முடியும்?

தனுவச்சபுரத்தில் காலேஜ் பிள்ளைகள் பஸ் இறங்கும் முக்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அவருடைய மில். மில்லுக்குப் பின்சுவர்தான் வீட்டுக்கு முன்சுவர். அரிசி, மிளகாய், மல்லி என்று எது பொடிக்க வந்தாலும் அதோடு சேர்த்து உலக நிலவரமும் கிடைக்கும். பெட்ரோல் விலை ஏன் ஏறியது, ரப்பர் விலை ஏன் இறங்கியது, ரஷ்யாக்காரன் எப்போது நிறுத்துவான், பஞ்சாயத்துத் தேர்தலில் யார் யாரைக் கவிழ்த்தது, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. "எனக்குத் தெரியாது" என்ற வாக்கியத்தை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. வேதப்புத்தகத்தின் கடைசித் தாளில் இருப்பதைக் காலேஜ் பக்கத்துக் கடையில் கொடுத்துப் பெரிதாக நகல் எடுத்து ஒட்டியது. யோப்பா உண்டு, காசா உண்டு, பெயெர்செபா உண்டு. வேதத்தில் இல்லாத ஊர் எதுவும் அதில் இல்லை. மாவு படிந்து படிந்து அது எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். ஒரு நாட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் அந்த இடத்தை ஊதுவார். மாவு பறந்து நாடு தெரியும். அதன்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு பேசுவார். "இவ்வளவுதான் தூரம், என் வெரலு அளவுக்கு ஆக்கும். இதுக்குத்தான் இந்தப் பாடு."

எதிர்க்கட்சி வேலாயுதன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், செங்கொடிக்காரர். பொடிக்க எதுவும் இல்லாத நாளிலும் ஒரு டப்பாவில் கைப்பிடி மல்லியைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கனகதாஸ் இஸ்ரேல் பக்கம் என்றால் வேலாயுதன் பாலஸ்தீனத்தின் பக்கம். கர்த்தர் கொடுத்த தேசம் என்று இவர் சொல்ல, அங்கே முன்பே குடியிருந்தவனை என்ன செய்வாய், பத்திரம் வைத்திருக்கிறாயா என்று அவர் கேட்பார். குரல் ஏறும். கோபம் முற்றினால் கனகதாஸ் மல்லி டப்பாவைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுநாள் அதே டப்பா, அதே மல்லி வரும்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் வீட்டிலேயே ஒரு எதிரி பிறந்திருக்கிறாள். மகன் அபினின் குழந்தை. மருமகள் மினி பிரசவம் முடிந்து தாய் வீட்டிலிருந்து வந்த நாள் முதல், தொட்டில் அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் ஆடுகிறது. மில் ஓடினால் குழந்தை தூங்கும். சுவரின் நடுக்கமும் மோட்டாரின் இரைச்சலும் அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. தாத்தா உலக விஷயம் பேச மோட்டாரை அணைத்தாரோ இல்லையோ, உள்ளேயிருந்து ஓர் அலறல். கனகதாஸின் மனைவி செல்லபாய் ஜன்னல் வழியாகச் சொல்வாள்: "பிள்ளைக்கு உங்க பிரசங்கம் ஒத்துக்கிடல்ல. மெஷினப் போடுங்க." கனகதாஸ் போட்டுவிடுவார். நாற்பது வருஷமாக வேலாயுதனால் முடியாததை இந்தக் குழந்தை செய்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவரும் அவரேதான். அவள் கொட்டாவி விடுவதைக்கூட மில்லுக்கு வருகிறவர்களுக்கு நடித்துக் காட்டுவார்.

குழந்தையின் அப்பன் அபின் இஸ்ரேலில் இருக்கிறான். யோப்பாவுக்குப் பக்கத்தில், வரைபடத்தில் இல்லாத ஓர் ஊரில், வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த ஊர் இருக்கும் இடத்தில் கனகதாஸ் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். மினி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது போனவன், மகளை இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் ஞானஸ்நானம். அப்பன் வந்துதான் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும் என்று நாள் குறித்தது.

ஈரானோடு சண்டை தொடங்குவதற்கு முந்தின வாரம், மில்லில் கூட்டமாக இருந்தபோது அபின் கூப்பிட்டான். இங்கே நிலைமை சரியாக இல்லை, லீவு இப்போதே கிடைக்கிறது, முன்கூட்டியே புறப்பட்டு வரட்டுமா என்று கேட்டான். கனகதாஸ் மோட்டாரை அணைத்தார். வரைபடத்தை ஊதினார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "எலே மக்கா, ஈரான்காரன் சும்மா மிரட்டுவான், அடிக்கமாட்டான். நான் சொல்லுதேன் கேட்டியா. நீ ஞானஸ்நானத்துக்கு வந்தா மதி, அதுக்கு முந்தி வேண்டாம்." அன்று வாசலில் மல்லி டப்பாவோடு வேலாயுதனும் நின்றிருந்தார். உள்ளே குழந்தையின் அலறலில் மினிக்கு மட்டும் அது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சண்டை தொடங்கிவிட்டது. விமானங்கள் நின்றன. நேற்று மாலை அபின் மினியோடு பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் சைரன் கேட்டது. அப்புறம் பேச்சு அறுந்தது. அதற்குப் பிறகு போன் வரவில்லை. இன்று காலை செய்தியில், யோப்பாவுக்குப் பக்கத்தில் குடியிருப்புகள்மேல் ஏவுகணை விழுந்தது என்று காட்டினார்கள்.

மில்லைத் திறக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஓடாவிட்டால் குழந்தை தூங்காது. ஓடினால் போன் அடிப்பது கேட்காது. மாவு புகாமலிருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்த போனை இன்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதிர்ந்தால் தெரியும் என்ற எண்ணம். ஆனால் மில் ஓடும்போது அவர் உடம்பே அதிர்கிறது. அதனால் ஓட்டுவதும் அணைப்பதுமாக இருந்தார். அணைத்தால் குழந்தை அழுதது. போட்டால் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆரியங்கோட்டிலிருந்து மிளகாயோடு வந்திருந்த விஜயதாஸ் விஷயம் தெரியாமல், சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டுவைத்தார். கனகதாஸ் வரைபடத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

அந்த நேரத்தில் வேலாயுதன் வந்தார், டப்பா இல்லாமல்.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுப் பக்கத்து வாசலில் மினி வந்து நின்றாள். தோளில் குழந்தை. கண் வீங்கியிருந்தது.

"மாமா, அவியளுக்கு லீவு முந்தியே கிட்டிச்சாமே. நேத்து சொல்லிட்டு இருக்கும்போதே போன் கட்டாச்சு. வரவேண்டாம்னு ஆரோ சொன்னாங்களாம். ஆரு மாமா?"

மோட்டார் நின்றிருந்தது. சொன்னது யார் என்று வாசலில் இருந்த பெண்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தி வாளியின் கைப்பிடியைத் துடைத்தாள். வேலாயுதன் ரோட்டைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் இவ்வளவு சுலபமாக ஜெயிக்கக்கூடிய வாதம் அவருக்குக் கிடைத்ததில்லை.

"அவன வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்காரனாட்டு இருக்கும் பிள்ளே," என்றார் வேலாயுதன்.

கனகதாஸ் தலையை ஆட்டினார். "வேண்டாம் கண்டக்டரே. நான் ஆக்கும் மக்கா சொன்னேன். அடிக்கமாட்டான்னு சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

மினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை வீறிட்டு அழவும் திரும்பி உள்ளே போனாள். தொட்டில் கயிறு கிறீச்சிடுவது கேட்டது. அழுகை அடங்கவில்லை.

வேலாயுதன் கையை நீட்டினார். "போனைத் தா தாஸே. நான் ரோட்டுல நிக்கேன். சத்தம் அங்க அவ்வளவு வராது. அடிச்சா கையத் தூக்குதேன். நீ பிள்ளைய உறக்கு."

கனகதாஸ் போனை எடுத்து, மாவைத் துண்டால் துடைத்து, அவர் கையில் வைத்தார். சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடியது, சுவர் நடுங்கியது, அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது. விஜயதாஸின் மிளகாயைத் தொட்டியில் தட்டினார். ஆனால் கண் தொட்டியில் இல்லை. தூறலில் குடையை விரித்து, போனை மார்போடு அணைத்துக்கொண்டு வேலாயுதன் ரோட்டோரம் நின்றார். காலேஜ் பஸ் ஒன்று அவரை மறைத்தது. அது நகரும்வரை கனகதாஸ் எட்டி எட்டிப் பார்த்தார். மிளகாய் தீர்ந்து மில் வெறுமனே ஓடியது. அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

வேலாயுதனின் கை உயர்ந்தது. குடை கீழே விழுந்தது. போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே, மறு கையை ஆட்டியபடி ஓடி வந்தார். "அபின் ஆக்கும், அபின் ஆக்கும்" என்று அவர் உதடு அசைவது தெரிந்தது.

கனகதாஸ் மோட்டாரை அணைத்தார். உடனே உள்ளே குழந்தை அலறியது. போனை வாங்கினார். "அப்பா, அப்பா" என்று அதற்குள்ளிருந்து மகன் கூப்பிடுவது வாசல்வரை கேட்டது. மில்லே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கனகதாஸ் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, போனை அந்த அழுகையின் பக்கமாகப் பிடித்தார்.