அக்காவுக்கு ஊறப்போட்ட ஓட்ஸ்

அக்காவின் வாயெல்லாம் புண்ணாகியிருந்த நாட்களில்தான் நான் முதன்முதலாக ஓட்ஸ் வாங்கினேன். புற்றுநோய்க்கு இரண்டாவது முறை மருந்து ஏற்றி முடிந்திருந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று அவள் என்னோடு வந்து தங்கியிருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு துணிக்கடையில் சேலைகளுக்கு ஓரம் அடிக்கிறேன். கட்டுகஸ்தோட்டைப் பாதையில் ஒரு மாடியறையும் சமைக்க ஒரு சின்னக் குசினியும்தான் என் வீடு. அக்கா வந்த பிறகு அங்கே பேச்சுச் சத்தம் கேட்டது.

கிளினிக்கில் இருந்த முஸ்லிம் நர்ஸ்தான் ஓட்ஸைப் பற்றிச் சொன்னாள். "இரவைக்கே பால்ல ஊறப்போட்டு வைங்க. விடிய எழும்பி அப்படியே குடுக்கலாம். நல்லா மெதுவா இருக்கும், மெல்லத் தேவல்ல." நான் தலையாட்டினேன். எங்கே வைப்பது என்று கேட்கவில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன். ஊறப்போடுவது எனக்குத் தெரியாத வேலையா என்று நினைத்தேன். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மேசையில் மூடி வைத்து, காலையில் வெங்காயத்தோடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

பிரிட்ஜ் இருந்தது. அதில் வைக்கக்கூடாது என்று நானேதான் முடிவு செய்தேன். அக்காவுக்கு விடாத இருமல். குளிர்ந்த பாலைக் கொடுத்தால் சளி பிடித்து நெஞ்சில் இறங்கிவிடும் என்று பயந்தேன். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஓட்ஸைப் போட்டுக் கலந்து, ஜாம் போத்தலில் ஊற்றி, குசினி மேசையில் வைத்துவிட்டுப் படுப்பேன். பிள்ளைக்குச் செய்வதுபோல் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

முதல் நாள் அக்கா கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னாடி இது, போஸ்டர் ஒட்டுற பசையா?"

"சாப்பிட்டுப் பாருக்கா. கிளினிக் நர்ஸ் மிஸ் சொன்னாங்க."

"இதத்தான் வெள்ளக்காரன் ஆசையா சாப்பிடுறானா? பாவம், அவனுக்கும் வாயில புண்ணு போல."

சிரித்தால் வாய் வலிக்கும் என்று கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் முழுதும் சாப்பிட்டாள். அதற்கு முன் நான்கு நாட்களாகத் தேத்தண்ணீர் தவிர எதுவும் அவள் வயிற்றுக்குள் போகவில்லை. காலியான போத்தலைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு மழை இல்லாமல் வெயில் ஏறியது. கண்டியில் அப்படி வேர்த்ததை நான் கண்டதில்லை. மாடிக்கு மேலே தகரக் கூரை. பொழுது சாய்ந்த பிறகும் சுவர் சுட்டது. நான் வழக்கம்போல் போத்தலை மேசையில் வைத்தேன். காலையில் முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் அக்காவுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. வாந்தியும் வந்தது. சாயங்காலம் காய்ச்சலோடு வார்டில் சேர்த்தோம். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையெல்லாம் குறைத்துவிடுமாம். மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போவது இவளைக் கொண்டுபோய்விடுமாம். டொக்டர் சிங்களத்தில் விசாரித்தார். நான் செய்ததைச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

பதினொரு நாள் வார்டில் இருந்தாள். மூன்றாவது மருந்தைத் தள்ளிப்போட்டார்கள்.

கிளினிக் நர்ஸ் வார்டுக்கே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கலந்த கையோட பிரிட்ஜில வைக்கணும். உள்பக்கமா, பின்னுக்கு வைங்க. கதவுல வெச்சா திறக்கத் திறக்க சூடு பட்டுரும். போத்தல கொதிதண்ணில கழுவி ஈரமில்லாம காயவைங்க. பழம் போடுறதுன்னா சாப்பிடுற நேரம் வெட்டிப் போடுங்க. சாப்பிட்ட கரண்டிய திரும்ப உள்ள விடாதீங்க. இவங்களுக்கு அடுத்த நாளே குடுத்திரணும், மிச்சம் இருந்தா கொட்டிருங்க. வெளிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தா அதையும் கொட்டுங்க. மணத்தை நம்பாதீங்க, பழுதானது எல்லாம் மணக்காது."

"சளி பிடிக்காதா மிஸ்?"

"சாப்பிடுறதுக்குக் கொஞ்சம் முந்தி எடுத்து வெச்சா குளிர் போயிரும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அதைக் கேட்காமல்தான் அக்காவை அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருந்தேன்.

துண்டு வெட்டி அக்காவை வீட்டுக்கு அனுப்பிய அன்று அவள் மகன் வேன் கொண்டுவந்தான். பிலிமத்தலாவையில் அவனுக்குக் கடையும் வீடும் இருக்கின்றன. அம்மாவின் துணிப்பையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சின்னம்மா, நீங்க வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும். ஆனா இனி அம்மா எங்க வீட்டுல இருக்கட்டும். சாப்பாட நாங்க பாத்துக்கிறோம்."

"சரிப்பா" என்றேன். அக்கா வேனுக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கேட்டாளா, இல்லையா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிலிமத்தலாவைக்குப் போனேன். முந்திய நாள் சாயங்காலம் போத்தலை அவித்துக் காயவைத்து, ஓட்ஸைக் கலந்து உடனே பிரிட்ஜின் உள்ளே பின்பக்கம் வைப்பேன். காலையில் அதை ஐஸாக உறையவைத்த தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்துத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். எல்லாம் நர்ஸ் சொன்னபடிதான். என் கையால் அக்கா திரும்பவும் ஒரு போத்தல் சாப்பிட வேண்டும். அந்த ஒன்றைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்காவின் மருமகள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். "ஏன் சின்னம்மா கஷ்டப்படுறீங்க?" என்று சொல்லிக்கொண்டே பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைப்பாள். உள்ளே வைக்கச் சொல்ல வாய் வரும். சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு போகும்போது போன வாரத்துப் போத்தல் மூடி திறக்காமல் அங்கேயே இருக்கும். அவள் வேறு பக்கம் பார்க்கிற நேரத்தில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். அக்காவுக்கே என் கைச்சாப்பாடு வேண்டாமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு ஞாயிறு. பேராதனைப் பாலத்துக்குக் கிட்ட லொறி ஒன்று பாதைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு மணித்தியாலம் பஸ் அசையவில்லை. நல்ல வெயில். போய்ச் சேர்ந்தபோது ஐஸ் எல்லாம் கரைந்து, ஓட்ஸ் போத்தல் கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

நோய் முற்றி அக்கா மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். மருமகள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் பையைப் பார்த்து அக்கா கையை நீட்டினாள்.

"அந்தப் பசையக் குடுடி. பசிக்குது."

ஒரு மாதமாக அவள் யாரிடமும் பசி என்று சொல்லவில்லையாம். நான் போத்தலைத் திறந்தேன். முகர்ந்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அன்று அந்தத் தகரக் கூரைக்குக் கீழே முகர்ந்தபோதும் நன்றாகத்தான் இருந்தது.

"இது வேணாம்க்கா. பஸ்ல சூடு பட்டிருச்சு. நாளைக்கு லீவு போட்டுட்டுப் புதுசா கொண்டு வர்றேன்."

"போடி பயந்தாங்கொள்ளி. எனக்கு இனி வயித்தால போனா என்ன, போகாட்டி என்ன?"

"அப்படிச் சொல்லாதக்கா."

என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒன் கையால வேணாம்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? மகனும் மருமகளுந்தான் என்கிட்ட காட்டவே இல்ல. நீ கொண்டு வர்றதே போன கிழமைதான் எனக்குத் தெரியும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலையிலேயே வந்திருவேன்" என்றேன். போத்தலைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் கொட்டினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பாதை காலியாக இருந்தது. ஐஸ் கரையவில்லை. கேட்டருகில் அக்காவின் மகன் வெறுங்காலோடு நின்றான். விடியும்போதே அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டதாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. அதன் பிறகு பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்ததுதான். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று. மருமகள் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: "அரைக் கப் தேத்தண்ணி. வேற ஒன்னும் கேக்கல."

நான் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் பசிக்குது என்று அந்தப் பசையைக் கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.