மாமா நஞ்சு கரைத்த மடு

அம்மாவின் தம்பி ஆற்று மடுவில் நஞ்சு கரைத்த கதையை எங்கள் ஊரில் இன்றும் ஒரு பகிடியாகத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. அந்த நஞ்சை இடித்துக் கொடுத்தவள் நான்.

யுத்த காலம். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. எனக்கு ஒன்பது வயது. மட்டக்களப்பு வாவியில் போய் விழும் ஆறொன்றின் கரையில் இருந்தோம். கோடையில் அந்த ஆறு ஓட்டம் நின்று, மணலுக்கு நடுவே மடுக்களாகக் கிடக்கும். வளைவிலிருந்த பெரிய மடு மட்டும் எந்தக் கோடைக்கும் வற்றாது. ஊரே அதில்தான் குடிக்க அள்ளியது.

மாமா கல்யாணம் முடித்துப் பெண்வீட்டோடு வேறு ஊரில் இருந்தார். அவர் வந்தால் எங்கள் வீடு கலகலக்கும். அந்த முறை ஒரு சாக்கு நிறையக் காட்டுக்காய் கொண்டுவந்தார். இடித்துத் தண்ணீரில் கரைத்தால் மீன்கள் மயங்கி மிதக்குமாம்.

"என்ட கிளி, அம்மாவுக்கு மட்டும் சொல்லிராத," என்றார்.

சொல்லவில்லை. அவருடைய இரகசியத்தில் பங்கு கிடைத்த பெருமையில், உள்ளங்கை எரிய எரிய இடித்தேன்.

மறுநாள் காலை சாக்கை மடுவில் அமுக்கிக் கலக்கினார். சற்று நேரத்தில் விரால்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. நான் துள்ளிக் குதித்தேன். பெரியவற்றை மட்டும் பொறுக்கிக் கூடையை நிரப்பினோம். நகத்தளவு குஞ்சுகள் தண்ணீர் முழுக்க வெள்ளையாய் மிதந்தன. அவற்றை யார் பார்த்தது?

அப்போதுதான் அம்மா இடுப்பில் குடத்தோடு வந்தார்.

"நஞ்சா போட்டாய்?"

"மனிசருக்கு ஒண்டும் செய்யாதக்கா," என்று மாமா சிரித்தார்.

அம்மா குனிந்து குடத்தில் தண்ணீரை மொண்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அப்ப குடி."

மாமா குடத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கை நீளவில்லை.

"ஒரு நேரக் கறிக்கு ஊர் குடிக்கிற தண்ணிய நாசமாக்கிப் போட்டியேடா! குஞ்சையும் விடல்லையே!"

"மழை பெஞ்சா ஆறு நிரம்பும்தானேக்கா."

"தண்ணி வரும். மீன் எங்கேருந்துடா வரும், வானத்திலேருந்தா?"

கூடை மீனையும் மணலில் குழி தோண்டிப் புதைக்கவைத்தார். கறியில்லாத அந்த நாட்களில் அத்தனை விராலும் மண்ணுக்குள் போனதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். அதோடும் விடவில்லை. "ஆக்கள் வந்தா நீயே சொல்லு, நான்தான் நஞ்சு போட்டேன், அள்ளாதேங்க எண்டு," என்று மாமாவைக் கரையில் நிறுத்தினார். என்னையும் அவர் பக்கத்தில் நிறுத்தினார்.

ஐந்து நாட்கள் காலை முதல் பொழுதுபடும் வரை நின்றோம். முதல் நாள் மாமா பகிடிபோலச் சொன்னார். நிறைமாதப் பெண்ணொருத்தி வெறுங்குடத்தோடு அடுத்த மடுவுக்கு அரை மைல் திரும்பி நடந்ததைப் பார்த்த பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. ஏறாவூரிலிருந்து வண்டி ஓட்டிவந்த ஒருவர், நாக்குத் தள்ளிய மாடுகளைத் தண்ணீருக்குப் போகவிடாமல் இழுத்துப் பிடித்தபடி கேட்டார்: "இது உன்ட ஊட்டுக் கிணறாடா?"

மாமா தலையைத் தூக்கவில்லை. ஆறாம் நாள் சொல்லாமலே போய்விட்டார். "தம்பியை இப்பிடியா அவமானப்படுத்துற?" என்று அப்பா கேட்டார். அம்மா தூரத்து மடுவிலிருந்து தூக்கிவந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு மறுபடி நடந்தார். நான் அவரோடு பேசாமல் இருந்தேன். மீனையும் புதைத்து மாமாவையும் துரத்திய அம்மாவை எனக்குப் பிடிக்கவே இல்லை.

மாரி வந்தது. இரண்டு கரையும் தொட்டு ஆறு ஓடியது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"பாருங்கம்மா, ஆறு நிரம்பிட்டு! மாமா சொன்னது சரிதானே?"

அம்மா குனிந்து தண்ணீருக்குள் எதையோ தேடினார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த கோடையில் அதே மடுவில் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பகல் முழுக்கக் காத்திருந்தும் ஒன்றும் சிக்காதபோதுகூட, மீன்களுக்கு என்மீது என்ன கோபமோ என்றுதான் யோசித்தேன்.