எரியக் கூடாத பெட்டி

எரியக் கூடாத பெட்டிக்குள் வேண்டுமென்றே தீ மூட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். விமானங்கள் விடும் புகையால் பூமி சூடாகிறதே என்று, பேட்டரியில் பறக்கும் குட்டி விமானம் ஒன்றைச் சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். அதன் பேட்டரிப் பெட்டிகள் மண்ணூர்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்குத்தான் சோதனைக்கு வரும். பெட்டி நிறைய விரல் பருமனில் செல்கள். அதில் ஒன்றை மட்டும் சூடாக்கி வெடிக்க வைப்போம். பக்கத்துச் செல்லுக்குத் தீ தாவக் கூடாது. பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

ஆட்டோவில் ஒரு சந்தேகம்

ஒருநாள் திருமுல்லைவாயிலில் ரயிலை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் என்ன வேலை என்று கேட்டார். பெட்ரோல் வேண்டாம், புகை கிடையாது என்று வழிநெடுகப் பெருமையடித்தேன்.

"எல்லாம் சரிம்மா, மேல போய்க்கினு இருக்கசொல்ல சார்ஜ் பூட்ச்சின்னா இன்னா பண்ணுவாங்கோ?"

"தரையிறங்கற அளவுக்கு எப்பவும் மிச்சம் வெச்சிருப்பாங்கண்ணே."

அவர் சமாதானமாகவில்லை. "எம்பொண்ணு போனுங்கூட மிச்சம் கீதுன்னு காட்டிக்கினேதாம்மா ஆஃப் ஆவுது!"

பக்கத்து ஷெட்காரர்

முதல் பெரிய சோதனை தோற்றது. ஒரு செல் வெடித்தது, அடுத்தது, அதற்கடுத்தது. கான்கிரீட் அறைக்குள் பெட்டியே குதித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் புகைபோக்கி வழியாகக் கிளம்பிய கரும்புகை நேரே பக்கத்து ஷெட்டுக்குப் போனது.

அங்கே பிளாஸ்டிக் குடம் செய்யும் தேவராஜ் அண்ணன் மணல் வாளியோடு ஓடிவந்தார். தீ அறையைத் தாண்டவில்லை என்று தெரிந்ததும் வாளியைக் கீழே வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "பொகையே வராத பிளேன்னு சொன்னியேம்மா, அப்ப இது இன்னாம்மா?"

பைலட் வந்தார்

அந்த விமானத்தை முதன்முதலில் ஓட்டப்போகும் பைலட் ஆவடிக்காரர். தோற்ற செய்தி கேட்டு நேரில் வந்துவிட்டார். எரிந்த பெட்டியை அவர் கண்ணில் காட்ட வேண்டாம் என்று எங்கள் மேனேஜர் காதோடு சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன்.

உருகிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "செல்லுங்களுக்கு நடுவுல இருக்கற தடுப்ப மாத்தறோம் சார்" என்றேன். அவர் எழுந்து கைகழுவப் போனார். குழாயடியில் கரியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அடுத்த டெஸ்ட்டுக்கு என்னையும் கூப்பிடுங்க மேடம், அந்த சீட்டுல நான்தானே உக்காரப் போறேன்."

இரண்டாவது முறை

புதுத் தடுப்பு போட்ட பெட்டியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினோம். பைலட் என் பக்கத்தில், அறைக்குள் நடப்பதைக் காட்டும் கேமராத் திரைக்கு முன்னால். என்னோடு வேலை செய்யும் கலா சூடேற்றும் சுவிட்சைப் போட்டாள். டப்பென்று ஒரு சத்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

"மேடம், கண்ணத் தொறங்க. பக்கத்துது எரியல!" என்று கலா தோளை உலுக்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பைலட் மட்டும் சிரிக்கவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம் மேடம், நாளைக்கு இன்னொண்ண வெடிக்க வைங்க."

உலகத்துக்குப் புகையில்லாத வானம் எப்போது கிடைக்குமோ தெரியாது, நான் மட்டும் தினமும் வீட்டுக்குப் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுகிறேன்.